வாட்டர் சர்வீஸ் அண்ணன்

கல்யாணமாகி ஏழாவது மாதம் சுருளிப்பட்டிக்குக் குடிபோனோம். என் வீட்டுக்காரருக்கு மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் வேலை. நான் வீட்டிலிருந்தபடியே ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். ஒரே வரிசையில் மூன்று வீடுகள். முன்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வாசல், ஒரு குழாய். பின்னால் ஆளுக்கொரு கொல்லை, நடுவே மார்பளவுச் சுவர். சாமான் இறக்கிய மறுநாள் காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நிற்கிறேன், சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு ஆண்குரல் போனில் பேசுவது கேட்டது.

"இப்ப முடியாதுப்பா. வாட்டர் சர்வீஸ் ஓடிக்கிட்டிருக்கு. முடிச்சிட்டுக் கூப்புடுறேன்."

எனக்குத் திக்கென்றது. பக்கத்தில் வண்டி கழுவுகிற ஷெட் இருப்பதை வீடு பார்க்க வந்தபோது யாரும் சொல்லவில்லை. நாள் முழுக்க இரைச்சலும் ஆயில் வாடையுமாகத்தான் குப்பை கொட்ட வேண்டும் போல என்று நினைத்தபடி சுவரை எட்டிப் பார்த்தேன்.

ஷெட்டும் இல்லை, வண்டியும் இல்லை. ஐம்பதை நெருங்கிய ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு குக்கர், இரண்டு வாணலி, ஏழெட்டு தட்டு. கையில் தேங்காய் நார். போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கியபடி குக்கர் மூடியின் உள்விளிம்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தலை தெரிந்ததும் போனை எடுத்துக் கீழே வைத்தார். துளியும் பதறவில்லை.

"புதுசா வந்திருக்கீகளா? வாங்க வாங்க. தண்ணி சத்தம் ஜாஸ்தியா இருந்தா சொல்லுங்க, பிரஷரைக் குறைச்சுக்கிறேன்" என்றார். அவரிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் வாளியும் ஒரு மக்கும்தான்.

அவர் பெயரை நான் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு அண்ணன், தெருவுக்கு டிரைவர். இருபது வருடத்துக்கு மேல் ஜீப் ஓட்டியவர். விடிவதற்குள் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மலையேறி ஏலக்காய்த் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருகிற ஜீப். ஒருநாள் மலை ரோட்டில் முன்னால் போன லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்துக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து அவர் இடது கண்ணில் பட்டது. பதினொரு பெண்கள் வண்டியில். ஓரங்கட்டி நிறுத்தி, கை பிரேக் போட்டு, கியரிலும் விட்டபிறகுதான் கண்ணைப் பொத்தினார் என்று தெருவில் இன்றைக்கும் சொல்வார்கள். பார்வை பாதிதான் திரும்பியது. இனி மலையில் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜீப்பை விற்றார்.

விற்ற மறுமாதம் அவர் மனைவி தோட்ட வேலைக்குக் கிளம்பினார். அதே ஜீப்பில்தான். அண்ணன் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். ஒல்லியான உடம்பு, நிறைய பேசமாட்டார். காலை ஐந்தரைக்குத் தெருமுனையில் ஜீப் நிற்கும். அண்ணன் சாப்பாட்டுத் தூக்கும் பிளாஸ்க்குமாகக் கூடவே போய் ஏற்றிவிட்டு வருவார். வரும்போதே புலம்பல் கேட்கும்.

"கிளட்ச்சை மிதிச்சே கொல்றான் படுபாவி. எப்பிடி வச்சிருந்த வண்டி."

அதோடு அவருடைய நாள் ஆரம்பமாகும். வீட்டில் ஒரு வேலை பாக்கி வைக்கமாட்டார். ஆனால் அந்த வேலைகளுக்கு ஊர் உலகத்தில் வழங்குகிற பெயர் எதையும் அவர் வாயிலிருந்து நீங்கள் கேட்க முடியாது. மதினிக்குச் சோறு கட்டினால் லோடு ஏத்தியாச்சு என்பார். வீடு பெருக்குவது ரோடு கிளியர். தரை துடைத்தால் பாலிஷ். துணிமணியை ஊறவைத்து அடித்துத் துவைப்பதற்குப் பேர் ஓவர்ஹால், அதைக் கொடியில் காயப்போடுவது பார்க்கிங். உண்மையிலேயே பார்க்கிங் மாதிரித்தான் இருக்கும். சட்டையெல்லாம் ஒருபக்கம், சேலையெல்லாம் ஒருபக்கம், இடைவெளி விட்டு, ஒரே திசையில். காற்றடித்து ஒன்று நகர்ந்தால்கூட வந்து நேராக்கிவிட்டுப் போவார்.

ஒருநாள் சுவரோரம் வந்து நின்று, "தங்கச்சி, ஸ்டார்ட்டிங்ல புகை ஜாஸ்தியா வருது. என்னா காரணமா இருக்கும்?" என்று கேட்டார்.

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. தாளிக்கும்போது மிளகாய் கருகிவிடுகிறது, அதுதான் விஷயம்.

"எண்ணெய் ரொம்பக் காஞ்சிருது போலண்ணே. கடுகு பொரிஞ்சதும் அடுப்பைக் குறைச்சிட்டு மிளகாயைப் போடுங்க" என்றேன்.

"அப்ப ஐடிலிங்ல விட்டுட்டுப் போடணுங்கிறீக" என்று தலையாட்டிவிட்டுப் போனார். மதியம் ஒரு கிண்ணத்தில் ரசம் வந்தது. நான் வைக்கிற ரசத்தைவிட நன்றாக இருந்தது. அதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

தெருப்பெண்களுக்கு இது ஒரு விளையாட்டு. எங்கள் எதிர்வீட்டில் பெட்டிக்கடை வைத்திருந்த அக்கா ஒருவர் இருந்தார். டிரைவர் வாயிலிருந்து ‘பெருக்குறேன்’ என்ற ஒரு சொல்லை வரவழைக்காமல் விடமாட்டேன் என்று குழாயடியில் சபதமே போட்டிருந்தார். அவர் விரித்த வலைகளுக்கு அளவே இல்லை. அண்ணன் கடைக்கு வந்தால், "என்னாண்ணே வேணும்?" என்பார். அண்ணன் சுவரில் மாட்டியிருக்கிற விளக்கமாற்றைக் கைகாட்டி, "அந்தா, அதுல ஒண்ணு" என்பார்.

"எது, தேங்காயா?"

"அதுக்கு இங்கிட்டு."

"ஊதுபத்தியா?"

"ரோடு பிரஷ்ஷும்மா."

"அப்பிடி ஒரு சரக்கு நம்ம கடையில இல்லையேண்ணே" என்று அக்கா கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். அண்ணன் தானே எட்டி ஒன்றை உருவிக்கொண்டு, சில்லறையை வைத்துவிட்டு நடப்பார். நாங்கள் வாசலில் நின்று சிரிப்போம். அவரும் சிரிப்பார். தோற்ற சிரிப்பு இல்லை அது.

இன்னொரு நாள் அவர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருக்கும்போதே அக்கா வந்து, "அண்ணே, என் வீட்டுக்காரரு கேக்குறாரு, கூட்டுறதுக்கும் பெருக்குறதுக்கும் என்னா வித்தியாசம்?" என்றார்.

அண்ணன் நிமிர்ந்து, "கணக்குல கூட்டுனாலும் கூடும், பெருக்குனாலும் கூடும். வாத்தியாரைத்தேன் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுக் குப்பையை முறத்தில் அள்ளினார். அன்றைக்கும் அக்காவுக்குத் தோல்விதான்.

எங்கள் வீட்டில் இந்த வியாதி வேறுமாதிரி தொற்றியது. என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பாத்திரத்தை விட்டுரு. இன்னைக்கு வாட்டர் சர்வீஸ் நான் பாத்துக்கிறேன்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாலை வரை பாத்திரம் அப்படியே கிடந்தது. கேட்டால், "ஸ்பேர் வரலை" என்றார். அண்ணனிடமிருந்து வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார் மனுசன்.

ஏன் இப்படிப் பேசுகிறார் என்று மதினியிடம் ஒருமுறை கேட்டேன். சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தது. "மொதல்ல எல்லாம் கதவைச் சாத்திக்கிட்டுத்தேன் செய்வாரு. பெறகு இந்தப் பேச்சு பேச ஆரம்பிச்சாரு. பேச ஆரம்பிச்சதும் கதவைத் தொறந்துட்டாரு. பேசிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்" என்றார்.

அதுவரைக்கும் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. பெரியகுளத்திலிருந்து அண்ணனின் அக்கா வந்த அன்றைக்குத்தான் அதில் வேறொரு பக்கமும் இருக்கிறது என்று தெரிந்தது.

அண்ணனுக்கு விவரம் தெரியுமுன்பே தாய் இறந்துபோக, அவரைத் தூக்கி வளர்த்தது அந்த அக்காதான். தம்பி சாப்பிட்ட தட்டைத் தம்பியைக் கழுவவிட்டதில்லை. குடித்த டம்ளரை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போகப் பழக்கியிருந்தார். அவர் வருகிறார் என்று போன் வந்ததும் அண்ணனுக்குக் கை காலே ஓடவில்லை. காலை ஒன்பது மணிக்குள் வாட்டர் சர்வீஸிலிருந்து பாலிஷ் வரைக்கும் அத்தனையும் முடிந்தது. தேங்காய் நாரையும் முக்காலியையும் கொல்லை மூலையில் ஒளித்துவைத்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பேப்பரை விரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா வந்து இறங்கினார். கனத்த உடம்பு, கணீரென்ற குரல். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீட்டைப் பளிச்சுன்னு வச்சிருக்காளே. எப்பத்தேன் செய்வா?" என்றது என் தையல் மிஷினுக்கு மேலாகக் கேட்டது.

"வெள்ளன எந்திரிச்சு எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தேன் ஜீப் ஏறுவா" என்றார் அண்ணன்.

தான் செய்த வேலையை இவ்வளவு தாராளமாக இன்னொருவர் பெயரில் எழுதி வைத்த ஆளை நான் பார்த்ததில்லை. சுவருக்கு இந்தப்பக்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் அடக்கச் சிரிப்பு இல்லை. மதினி ஐந்தரைக்கு வந்தார். அன்றைக்கு நல்ல மழை, சேலை முழங்கால் வரை சேறு. உள்ளே நுழைந்ததும் அக்கா, "வாத்தா. தம்பி மத்தியானத்துல இருந்து ஒரு டீத்தண்ணி இல்லாம உக்காந்திருக்கான்" என்றார். அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மதினி சேலையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைத்தார். டீ போட்டார், தோசை ஊற்றினார், எல்லாரும் சாப்பிட்டபின் கொல்லையில் உட்கார்ந்து பாத்திரம் விளக்கினார். முக்காலியைத் தேடினார், கிடைக்கவில்லை, குத்தவைத்தே விளக்கினார். மூன்று நாள் இப்படி. அக்கா ஏறிய பஸ் முனை திரும்பியதும் அண்ணன் வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அந்த வாரம் நான் அவரிடம் சரியாகப் பேசவில்லை. அவருக்கும் அது தெரிந்தது. சுவரோரம் வந்து, தானாகவே சொன்னார். "தங்கச்சி, அக்கா என்னைய ராசா மாதிரி வளத்துச்சு. ஜீப் போனதுக்கே ஒரு மாசம் அழுதுச்சு. இதுல நான் இதையெல்லாம் கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறதைப் பாத்தா மனசு விட்டுப்போகும்." அப்போதும் ‘இதையெல்லாம்’ என்றுதான் சொன்னார்.

மதினி சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. "ஒண்ணுமே செய்யாத ஆம்பளைன்னா கோவப்படலாம், சண்டை போடலாம். இவரு எல்லாத்தையும் செஞ்சிட்டு செய்யலைங்கிறாரு. இதுக்கு எப்பிடிக் கோவப்படுறது, சொல்லு."

"நீங்களே அவுககிட்டச் சொல்லிர வேண்டியதுதான மதினி."

"நான் சொன்னா புருசனைக் கேலி பேசுன மாதிரி ஆகும். அவரு வாயில இருந்து வரட்டும். வராட்டிப் போகட்டும்."

இரண்டு வருடம் போனது. அக்கா நாலைந்து தடவை வந்து போனார். ஒவ்வொரு தடவையும் வெள்ளைச் சட்டை, பேப்பர், மதினி குத்தவைத்து விளக்குவது. ஒவ்வொரு தடவையும் அந்த வாரம் நான் அண்ணனிடம் பேசமாட்டேன்.

அப்புறம் ஒரு ஐப்பசி மழையில் தோட்டத்துச் சரிவில் மதினி வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு கீறிவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு, ஒன்றரை மாதம் கையை அசைக்கக்கூடாது என்றார்கள். வீட்டில் எதுவும் நிற்கவில்லை. அண்ணன் மதினிக்குத் தலை பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்டார். முதல் நாள் பின்னல் கயிறு முறுக்கினது போல இறுகி நின்றது. "லோடு கட்டுற முடிச்சைப் போட்டுட்டாரு" என்று மதினி கண்ணாடி பார்த்துச் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அக்கா வந்தார். தனியாக வரவில்லை. கூடவே அவருடைய மகள், கையில் ஒரு பெரிய பை. தேனியில் நர்சிங் இரண்டாவது வருடம் படிக்கிற பெண். குழாயில் தண்ணீர் வருகிற நேரம். தெருவே குடத்தோடு வாசலில் நின்றது.

அக்கா வாசலிலேயே சத்தமாக ஆரம்பித்துவிட்டார். "நீ ஒண்ணும் கவலைப்படாத தம்பி. பொம்பள கை ஒடிஞ்சு கெடக்கிற வீட்டுல ஆம்பள என்னா செய்வான், பாவம். இவளைக் கையோட கூட்டியாந்துட்டேன். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இங்கன இருந்து எல்லாத்தையும் பாத்துக்கிருவா."

மதினி திகைத்து, "காலேஜ் இருக்குமே?" என்றார்.

"அதெல்லாம் சொல்லிட்டேன். இந்தப் பரீட்சை போனா அடுத்த தடவை சேத்து எழுதிக்கிறலாமாம்."

அந்தப் பெண் பையை இறக்கி வைத்தாள். பையின் வாயில் தடித்தடியாக நாலு புத்தகம் துருத்திக்கொண்டு நின்றது. அதன்மேல் துண்டைப் போட்டு மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்திருக்க வேண்டும். சுவரோரம் சாத்தியிருந்த விளக்கமாற்றை எடுத்து அவள் குனிந்தாள்.

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். மதினியின் முகத்தைப் பார்த்தார். மதினி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றேதான்.

"அக்கா, புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார் அண்ணன்.

"ஏன்டா? நீ சோத்துக்கு என்னா பண்ணுவ?"

"நான் ஆக்குவேன்."

"வெளையாடாத தம்பி."

"இந்த வீட்டுல சோறு ஆக்குறது நான்தேங்க்கா" என்றார். "வாட்டர்" என்று ஆரம்பித்து, அதை விழுங்கினார். நாக்கில் பழக்கமில்லாத சொல்லைத் தேடுகிற மாதிரி வாசலில் நின்ற எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். "பாத்திரம் வெளக்குறது நான்தேன். துணி தொவைக்கிறது நான். அலசிப் பிழிஞ்சு கொடியில போடுறது நான், காஞ்சதை மடிக்கிறதும் நான். அரிசி களையிறது, காய் நறுக்குறது, தாளிக்கிறது. அடுப்பு மேடை தொடைக்கிறது. வீடு பெருக்குறது. வாசலும் பெருக்குவேன். கோலம் மட்டும் எனக்குச் சரியா வராது."

குடத்தோடு நின்றவர்கள் நின்றபடியே நின்றார்கள். இந்தச் சொல்லுக்காகவே வருடக்கணக்காகக் காத்திருந்த பெட்டிக்கடை அக்கா தலையைக் குனிந்துகொண்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"எத்தனை நாளா?" என்றார் அண்ணனின் அக்கா.

"ஜீப்பை வித்ததுல இருந்து."

"நான் வந்து போனப்பல்லாம்?"

"நீ வர்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் முடிச்சிட்டு உக்காந்துக்கிருவேன்."

"அதுக்குப் பெறகு?"

"அவதேன் செய்வா."

அக்கா மெல்லத் திரும்பி மதினியின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "மழையில நனைஞ்சு வந்து எனக்குத் தோசை சுட்டாளே. நீ பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்த."

"ஆமாக்கா."

அக்கா அழப்போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அண்ணன் இத்தனை வருடம் பயந்தது அதற்குத்தானே. அக்கா அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்ணனின் நாற்காலியைத் தூக்கிக் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தார். "எங்க, வெளக்கு பாப்போம்" என்றார்.

அண்ணன் முக்காலியை எடுத்து வந்தார். நாரை எடுத்தார். மத்தியானப் பாத்திரங்கள் கிடந்தன. ஒவ்வொன்றாக விளக்கிக் கவிழ்த்தார். நானும் பெட்டிக்கடை அக்காவும் சுவரோரம் நின்று பார்த்தோம். அண்ணனின் அக்கா வாணலியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"ஓரத்துல பிசுக்கு இருக்கு."

"அது பிசுக்கு இல்லக்கா, பழைய கறை. சாம்பல் போட்டாலும் போகாது."

"புளி போட்டு ஊற வச்சியா?"

"வச்சேன். எலுமிச்சந்தோலும் போட்டுப் பாத்தேன்."

"சோடா மாவு?"

"அது கையைப் புண்ணாக்குதுக்கா."

"கொஞ்சமா எடுத்துத் தோலாலயே தேய்க்கணும்டா. கையில தொட்டா புண்ணாக்கத்தேன் செய்யும்."

இரண்டு பேரும் வாணலியை நடுவில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார்கள். மதினி அங்கே வந்து நின்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்பிடியே எனக்கும் ஒங்க அக்காவுக்கும் டீ போட்டுருங்க" என்றார். நாத்தனார் முன்னால் அவர் புருசனிடம் ஒரு வேலை சொன்னது அதுதான் முதல்முறை. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

டீயைக் குடித்துவிட்டு அக்கா, "எங்க வீட்டு மனுசன் குடிச்ச டம்ளரைக் கால்ல தட்டிவிட்டுட்டுப் போவாரு. நான்தேன் இவனையும் அப்பிடிப் பழக்குனேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. கடைசி பஸ்ஸுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். பையை அந்தப் பெண் தானே தூக்கிக்கொண்டாள். பஸ்ஸில் ஏறியதுமே புத்தகத்தை எடுத்துவிட்டாள் என்று ஏற்றிவிட்டு வந்த அண்ணன் சொன்னார்.

மறுநாள் சுவரோரம் வந்து நின்றார். "நெஞ்சுல இருந்து ஒரு மூட்டையை இறக்குன மாதிரி இருக்கு தங்கச்சி."

"அன்லோடாண்ணே?"

"அன்லோடுதேன்" என்று சிரித்தார். அவர் பேச்சு அதற்கப்புறமும் மாறவில்லை. வாட்டர் சர்வீஸும் பார்க்கிங்கும் அப்படியேதான் ஓடின. பழகிய ருசி போல. ஆனால் யார் வந்தாலும் முக்காலி கொல்லையிலேயே கிடந்தது. பெட்டிக்கடை அக்காவுக்குத்தான் வாழ்க்கையில் ஒரு பிடிப்பு போய்விட்டது. அண்ணன் கடைக்கு வந்து, "ஒரு வெளக்கமாறு குடும்மா" என்று சாதாரணமாகக் கேட்டபோது, பேசாமல் எடுத்துக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த வருடம் நாங்கள் தேனிக்கு மாறிவந்தோம். மதினி போன் செய்வார். தோட்டத்துக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தார். ஒருநாள், "நாத்தனார் மகளை மாப்பிள்ளை வீட்டுல பாக்க வாராக. ஒன்னையும் கூப்புடச் சொன்னா. பெரியகுளத்துக்கு வந்துரு" என்றார். அந்தப் பெண் படிப்பை முடித்து ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்திருந்தாள்.

போனேன். தாய்மாமன் என்பதால் அண்ணனுக்கு முன்வரிசை நாற்காலி. அதே வெள்ளைச் சட்டை. மாப்பிள்ளைப் பையன் நல்ல களையாக, கொஞ்சம் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தான். பலகாரம் முடிந்து, பெண்ணும் வந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தபின், அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொண்ணு ஆஸ்பத்திரி வேலைக்குப் போகுது, சரி. வீட்டு வேலையெல்லாம் தெரியுமா?" என்று கேட்டார்.

பெண்ணின் அம்மா வாயைத் திறக்குமுன் அண்ணன் முந்திக்கொண்டார். "தெரியும். சமைப்பா, தொவைப்பா, எல்லாம் நல்லாச் செய்வா." பிறகு நாற்காலியை இரண்டங்குலம் முன்னால் நகர்த்தினார். "மாப்பிள்ளைக்கு என்னென்ன தெரியும்?"

பெரியவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அண்ணன் சிரிக்காமல், உண்மையாகவே பதில் வேண்டும் என்கிற முகத்தோடு பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய்மாமன் கேட்ட கேள்வி, ஒதுக்கவும் முடியாது. பையனின் காது சிவந்தது. யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

"மோட்டார் போடுவேன் மாமா" என்றான்.

"தண்ணி மோட்டாரா?"

"ஆமா மாமா. மாடி டேங்குக்கு."

அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்துப் பார்த்தார். "நல்லதுதேன். எல்லாரும் மோட்டார்ல இருந்துதேன் ஆரம்பிக்கிறோம்" என்றார். பிறகு, "போடுறது சரி மாப்பிள்ளை. டேங்கு நெறைஞ்சா அணைக்கிறது யாரு?" என்று கேட்டார்.

பையன் வாயைத் திறந்தான். அதற்குள், அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவனுடைய அம்மா, தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"நான்தேன். இருபத்தெட்டு வருசமா இவுக அப்பா போடுறதையும் நான்தேன் அணைக்கிறேன்."

முதலில் சிரித்தது பெண்தான்.